இடிப்பதா? இருக்க விடுவதா?
பழைய கட்டிடத்துக்குப் புது வேலை கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

சென்னைக் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. முன்புறம் வட்டமாக இருக்கும் பெரிய கட்டிடம். இன்றும் பலர் அந்த இடத்தை "ஐஸ் ஹவுஸ்" என்றுதான் சொல்லுகிறார்கள்.

அது வெறும் பட்டப் பெயர் அல்ல. உண்மையிலேயே ஐஸ் கட்டி வைப்பதற்காகக் கட்டிய வீடு அது!

பிரடெரிக் டியூடர் என்று ஓர் அமெரிக்க வியாபாரி இருந்தார். பாஸ்டன் நகரத்துக்காரர். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து ஏரிகள் உறைந்து போகும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். கப்பல் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வந்து இறங்கிய கட்டி உருகாமல் இருக்க வேண்டுமே! அதற்காக 1842-ம் ஆண்டு வாக்கில் கனமான சுவர்களை வைத்து இந்தக் கிடங்கைக் கட்டினார்கள்.

பிறகு, இந்தியாவிலேயே யந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு காலி!

பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கினார். வராந்தாவும் ஜன்னல்களும் வைத்து வீடாக மாற்றினார். 1897-ல் விவேகானந்தர் மேல்நாட்டில் இருந்து திரும்பி வந்தபோது அங்கே 9 நாள் தங்கினார். அதன் பின் சில ஆண்டுகள் ராமகிருஷ்ண மடம் அங்கே நடந்தது. பிறகு சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதி அங்கே இருந்தது. 1963-ல் "விவேகானந்தர் இல்லம்" என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் அது ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்தது. பின்னர் கண்காட்சி ஆயிற்று.

ஐஸ் கிடங்கு, வீடு, மடம், விடுதி, கண்காட்சி. ஒரே கட்டிடம், ஐந்து வேலை!

கல்கத்தாவிலும் பம்பாயிலும் கூட ஐஸ் வீடுகள் இருந்தன. அவை இப்போது இல்லை. சென்னை வீடு மட்டும் தப்பியது. சுவரில் பலம் இருந்தது. காற்று இல்லை. காற்றை ஜன்னல் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலம் இல்லாத சுவருக்குப் பலம் சேர்ப்பதுதான் கஷ்டம்.

வயதைக் கேட்டால் போதாது

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பழைய கட்டிடங்கள் இருக்கின்றன. பாட்டனார் கட்டிய வீடு, மூடிப்போன நெல் ஆலை, படம் ஓடாத சினிமாக் கொட்டகை, பழைய சத்திரம். "இதைப் பள்ளிக்கூடத்துக்கு விடலாமா? கல்யாண மண்டபம் ஆக்கலாமா? இல்லை, இடித்துவிட்டு அடுக்கு மாடி கட்டலாமா?" என்று குடும்பத்தில் பேச்சு எழுகிறது.

"நூறு வருஷத்துக் கட்டிடம், இனி எதற்கு?" என்பார் ஒருவர். "அந்தக் காலத்துக் கட்டு, அசையாது" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் நம்பக் கூடாது.

2014 ஜூன் 28-ந் தேதி சென்னைக்கு அருகே மவுலிவாக்கத்தில் ஒரு 11 மாடிக் கட்டிடம் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டிடத்துக்கு வயது என்ன? கட்டியே முடியவில்லை! மதுரைத் திருமலை நாயக்கர் மகாலோ 17-ம் நூற்றாண்டில் கட்டியது. 19-ம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். அதன் பின் பல ஆண்டுகள் அங்கே கோர்ட்டு நடந்தது.

ஆகவே, கட்டிடத்தின் வயதைக் கேட்டால் போதாது. அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். கொடுக்கப் போகும் புது வேலையை அந்த உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

விரிசல் என்ன சொல்லுகிறது?

முதலில் சுவரைப் பார்ப்பார்கள். பூச்சில் மட்டும் தலைமுடி போல ஓடும் விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையில் இருந்து, செங்கல் செங்கலாக, படி இறங்குவது போலச் சாய்வாக ஓடும் விரிசல்தான் பயப்படத் தக்கது. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். களிமண் பூமியில் இது அதிகம். மழைக்கு மண் ஊதும். கோடைக்குச் சுருங்கும். சுவர் என்ன செய்யும், பாவம்!

விரிசல் பழையதா, இன்னும் வளருகிறதா? இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வித்தை இருக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதியை எழுதி வைப்பார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகருகிறது என்று அர்த்தம். உடையாமல் இருந்தால் விரிசல் எப்போதோ வந்து நின்றுவிட்டது.

"ஒரு வருஷம் யார் காத்திருப்பார்கள்?" என்று கேட்கலாம். பேரப்பிள்ளை வரை இருக்கப் போகிற கட்டிடத்துக்கு ஒரு வருஷம் பெரிதா?

பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு மூச்சு விடும். தரையில் இருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே ஆவியாகப் போய்விடும். இப்போது பலர் என்ன செய்கிறார்கள்? சுவர் உதிர்கிறது என்று மேலே சிமெண்டு பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்குகிறது. உப்புப் பூத்து, செங்கல் மாவாகிறது. பார்வைக்குப் பளபள என்று இருக்கும். உள்ளே புரையோடும். அதனால், புதுச் சிமெண்டுப் பூச்சு உள்ள பழைய சுவரைக் கண்டால் விவரம் தெரிந்த என்ஜினீயர் ஓர் இடத்தில் அதைக் கொத்திப் பார்க்காமல் விடமாட்டார்.

உத்திரத்தின் முனை

அடுத்தது கூரை. சென்னைப் பக்கத்துப் பழைய வீடுகளில் "மெட்ராஸ் டெரஸ்" என்ற தளம் இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்புவார்கள். அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பு வைத்துக் கட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளிப்பார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது. ஆனாலும் வெயிலை உள்ளே விடாது.

இந்தத் தளத்தின் உயிர் மரத்தில் இருக்கிறது. நடு உத்திரத்தைத் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கிறது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. உத்திரம் கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல. சுவருக்குள் நுழையும் முனையில்! அங்கேதான் ஈரம் தங்கும். அங்கேதான் கரையான் நுழையும். முனையில் கூரான ஆணியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்த உத்திரத்தை நம்பக் கூடாது. ஆனால், முழுத் தளத்தையும் இடிக்க வேண்டும் என்பது இல்லை. முனை மட்டும் கெட்டிருந்தால், கீழே இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்கலாம். கெட்ட கட்டைகளை மட்டும் மாற்றலாம்.

நிறம் மாறும் கான்கிரீட்

1950-க்குப் பிறகு கட்டியவை பெரும்பாலும் கம்பி போட்ட கான்கிரீட் கட்டிடங்கள். "கான்கிரீட் ஆயிற்றே, அழியாது" என்று அப்போது எண்ணினார்கள். அந்தக் கட்டிடங்கள் இப்போது மூப்பு அடைந்துவிட்டன. நேர்மையாகச் சொன்னால், நூறு வயதுச் சுண்ணாம்பு வீட்டைவிட அறுபது வயதுக் கான்கிரீட் வீட்டைத்தான் அதிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கம்பிக்குக் காவல், சுற்றி உள்ள கான்கிரீட்டின் காரத் தன்மை. அந்தக் காரம் இருக்கும் வரை கம்பி எளிதில் துருப் பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே போய், காரத்தைக் கரைத்துவிடுகிறது. கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்து கொள்ளும். கம்பி துருப் பிடித்தால் ஊதும். ஊதும் கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தூங்குகிறவர் மேல் கூரைக் காரை பெயர்ந்து விழுகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. கான்கிரீட்டில் சின்னக் குழி தோண்டி, உடனே "பினால்ப்தலீன்" என்ற மருந்தைத் தெளிப்பார்கள். பள்ளிக்கூடத்து ரசாயன அறையில் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாக மாறும். காரம் போன கான்கிரீட் நிறம் மாறாமல் நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போய்விட்டதா என்று அளந்து பார்ப்பார்கள். போகவில்லை என்றால் இன்னும் காலம் இருக்கிறது. போய்விட்டது என்றால், கம்பி எவ்வளவு தின்னப்பட்டது என்று உடைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னும் சில சோதனைகள் உண்டு. சுத்தியல் போன்ற கருவியால் தட்டி, அது எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். காதுக்குக் கேட்காத ஒலியைச் செலுத்தி, உள்ளே பொந்து இருக்கிறதா என்று அறிவார்கள். உருளை போல ஒரு துண்டை அறுத்து எடுத்து, யந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள்.

எத்தனை டன் ஏறும்?

உடம்பு நன்றாக இருக்கிறது. சரி. புது வேலை என்ன?

20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள ஒரு மாடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் குடியிருக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று இந்தியத் தர விதி கணக்கு வைக்கிறது. அறை முழுவதற்கும் ஏறக்குறைய 5½ டன்.

அதே அறையில் வகுப்பு நடந்தால்? சதுர மீட்டருக்கு 300 கிலோ. மொத்தம் 8 டன்னுக்கு மேல். நாற்காலிகளைப் பிணைத்து வைக்காமல், ஜனங்கள் நின்றும் நடந்தும் கூடும் மண்டபம் ஆனால் 500 கிலோ. மொத்தம் 14 டன். ஆள் உயரத்துக்கு மேல் அலமாரி வைத்துப் புத்தகம் அடுக்கினால் 600 கிலோ. கிட்டத்தட்ட 17 டன்!

குடும்பத்தை 80 வருஷம் சுமந்த மாடிதான். அதற்காகக் கல்யாணக் கூட்டத்தையும் சுமக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டரை மடங்கு பாரத்தை அது ஒரு நாளும் சுமந்து பார்த்ததே இல்லை. புத்தகம் காகிதம்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய வீட்டு மாடியில் நூல் நிலையம் வைப்பதைவிட நடனப் பள்ளி வைப்பது தேவலை என்று சொல்லலாம் போல இருக்கிறது. அதுவும் கூடச் சரி அல்ல. பலர் ஒரே தாளத்துக்குக் குதித்தால் அது தனிச் சங்கதி!

சந்தேகம் தீராவிட்டால் பாரம் ஏற்றியே பார்ப்பது உண்டு. கான்கிரீட் தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். ஜனங்களும் சாமானும் ஏறும் கணக்குப் பாரத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக ஏற்றுவார்கள். 24 மணி நேரம் விட்டுவிட்டு, தளம் எவ்வளவு தொய்ந்தது என்று அளப்பார்கள். மூட்டைகளை இறக்கி, இன்னொரு 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். தொய்வில் நான்கில் மூன்று பங்காவது திரும்ப நிமிர்ந்துவிட வேண்டும். நிமிராவிட்டால் அந்தத் தளத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சோதனை நடக்கும்போது கீழே முட்டுக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் தாங்களே மூட்டை அடுக்கிப் பார்க்கும் வேலை அல்ல இது.

பலவீனமான மாடிக்கும் வழி உண்டு. ஜனங்கள் கூடும் வேலையைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். மாடியை அலுவலகத்துக்கோ, குடியிருப்பதற்கோ விடுங்கள். பாதிக் கட்டிடங்கள் இந்த யோசனை ஒன்றிலேயே பிழைத்துக்கொள்ளும்.

மாடிப்படியில் உயிர்

கும்பகோணத்தை மறக்க முடியுமா? 2004 ஜூலை 16-ந் தேதி. சத்துணவுச் சமையல் தீ கூரையில் பற்றியது. மாடியில் கீற்றுக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்த 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். இறங்கி ஓடப் போதுமான வழி இல்லை.

சுவர் இடிந்து இறந்தவர்கள் அல்லர் அவர்கள். கட்டிடம் நின்றது. பள்ளிக்கூடம் வைக்கத் தகுதி இல்லாத கட்டிடம் அது.

வீட்டு மாடிப்படி ஒரு மீட்டர் அகலம் இருந்தால் போதும். பத்துப் பேர் இறங்கிவிடலாம். 200 குழந்தைகள் பயந்து ஒரே நேரத்தில் ஓடி வந்தால்? பள்ளிக்கூட மாடிப்படி ஒன்றரை மீட்டராவது இருக்க வேண்டும் என்பது தேசிய கட்டிட விதி. இரண்டாவது வழியும் வேண்டும். பழைய வீட்டில் இன்னொரு படி வைக்க இடம் இருக்கிறதா? தீயணைக்கும் வண்டி தெருவுக்குள் வருமா? கிழவர்களும் ஊனமுற்றவர்களும் வாசற்படி ஏற முடியாவிட்டால் சாய்தளம் போட இடம் உண்டா? கக்கூஸ் எத்தனை? சுவர் சோதனைக்குச் செலவு செய்கிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். இவற்றுக்கு ஒரு சோதனைக் கருவியும் வேண்டாம். ஓர் அளவு நாடா போதும்.

கட்டிடம் பலமாகவே இருந்து, வேலைக்கு ஆகாமல் போவதும் உண்டு. பாரிஸ் நகரத்தில் ஓர்சே ரெயில் நிலையம் 1900-ல் திறக்கப்பட்டது. அரண்மனை போல இருக்கும். நாற்பது வருஷத்துக்குள் அதன் பிளாட்பாரங்கள் குட்டையாகிவிட்டன. பிளாட்பாரம் சுருங்கவில்லை, ரெயில்கள் நீண்டுவிட்டன! இடித்து ஓட்டல் கட்ட ஒரு யோசனை கிளம்பியது. அது நிறைவேறவில்லை. ரெயிலுக்குப் போதாத அந்தக் கூடம் சித்திரங்களுக்குப் பொருத்தமாக இருந்தது. 1986 முதல் அது அருங்காட்சியகம்.

தீயில் நின்ற சுவர்

சென்னைச் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை இருக்கிறது. 1768-ல் கட்டியது. அதன் ஒரு பகுதிக்குக் கலச மகால் என்று பெயர். வெள்ளைக்காரர் காலம் முதல் அங்கே அரசாங்க அலுவலகங்கள் இருந்தன.

2012 ஜனவரியில் ஓர் இரவு அதில் தீப்பிடித்தது. மரத் தளம் எரிந்து விழுந்தது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிர் இழந்தார். சிலர் படுகாயம் அடைந்தார்கள்.

காலையில் பார்த்தவர்களுக்கு மிஞ்சியது கரி பிடித்த சுவர்கள். மேலே வானம். இடித்துத் தள்ள இதைவிட என்ன காரணம் வேண்டும்?

ஆனால், சுவர்கள் நின்றன. கனமான செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள். பொதுப்பணித் துறை அவற்றை இடிக்காமல், சுண்ணாம்புக் கலவை கொண்டே பழுது பார்த்தது. மேலே புதிதாகத் தளம் போட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே வந்தது. நவாபின் அரண்மனையில் இப்போது ஏரி, ஆறு, காடு பற்றிய வழக்குகள் நடக்கின்றன!

எல்லாக் கட்டிடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மவுண்ட் ரோடில் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் என்று ஒன்று. 1897-ல் எழுந்தது. சொந்தக்காரரான எல்.ஐ.சி. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கியது. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. 2010-ல், இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு இடிப்பதை நிறுத்தும். ஒழுகும் கூரையை அடைக்காது. அதற்குப் பணமும் மனசும் வேறாக வேண்டும்.

இடிக்கத்தான் வேண்டும் என்றால்...

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் கட்டிக் காக்க முடியாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் விழுந்து, மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பின்தான் பழுதான பள்ளிக் கட்டிடங்களைச் சோதித்து இடிக்கும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது. அஸ்திவாரம் இறங்கிக்கொண்டே இருந்தால், தூண் கம்பிகள் பாதிக்கு மேல் துருவாகிவிட்டால், நாலு அறையில் மூன்று அறையின் உத்திரங்கள் செத்திருந்தால், இடிப்பதுதான் நியாயம். இடிக்கும் நாள் வரை அங்கே யாரையும் இருக்க விடக் கூடாது. "இந்த மழை போகட்டும்" என்று சொல்லக் கூடாது. விழும் சுவர் மழையில்தான் விழுகிறது.

யார் யோசனை சொல்வது? இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய வீட்டை இடிக்கும் காண்டிராக்டர் பல ஊர்களில் கூலி கேட்பதில்லை. அவரே எதிர்ப் பணம் கொடுக்கிறார். தேக்கும் கதவும் கல் தூணும் அவருக்கு லாபம். அடுக்கு மாடி கட்டுகிறவருக்குக் காலி மனை லாபம். பழுது பார்க்கிற மேஸ்திரிக்குப் பழுது லாபம். ஆகையால், இந்த மூன்று பேரிலும் சேராத ஒரு கட்டமைப்பு என்ஜினீயரிடம் முதலில் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். அந்த அறிக்கைக்கு ஆகும் செலவு, வீட்டின் மதிப்பில் மிகச் சிறு பங்குதான்.

இன்னொரு தடை பங்காளிகள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கு, முட்டை வெண்கரு கலந்த பூச்சு, ஆத்தங்குடிக் கல். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்கு இருக்கும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றக் கூட எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒற்றுமையாக இருந்த சில குடும்பங்கள் வீட்டை ஓட்டல் ஆக்கியிருக்கின்றன. வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள். பெரிய முற்றம், வரிசை அறைகள், விருந்துக் கூடம் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால், அதிகம் இடிக்காமலே ஓட்டல் ஆகிவிடுகிறது.

ஒத்துப் போகாத குடும்பங்களின் வீடுகள் ஓட்டை ஒழுகலாக நின்று, ஒரு நாள் விலைக்குப் போகின்றன. காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் இருக்கும் தெருவில், அந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேறு ஊர்களில் புதிதாகக் கட்டும் ஓட்டல்காரர்கள் வந்து விலை பேசி, லாரியில் ஏற்றிப் போகிறார்கள்.